வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவுநீரைப் பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: வெளிநாட்டு முதலீடு வருகிறது, வேலை வருகிறது, கூடவே என்ன வரும்? நான் பொருளாதாரம் படித்தவள் அல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகங்களில் வேதியியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவான் செருப்புக் கம்பெனி வருகிறது. ஆயிரக்கணக்கில் வேலை, அதுவும் பெண்களுக்கு என்கிறார்கள். என் மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு வேலை கிடைத்தால் பெரிய ஆறுதல். ஆனால் ராணிப்பேட்டையில் என் அத்தை வீட்டுக் கிணறு என்ன ஆனது என்று கண்ணால் பார்த்தவன் நான். இதை வரவேற்பதா, எதிர்ப்பதா?
— விவசாயி, நெமிலி வட்டம்

வரவேற்கலாம் ஐயா. மகளை வேலைக்கு அனுப்புங்கள். தோல் பதனிடுவது வேறு, காலணி செய்வது வேறு. அங்கே வருவது தோல் அல்லாத காலணி ஆலை. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, குரோம் (தோலைப் பதப்படுத்தும் உலோக ரசாயனம்) ஏற்றுகிற வேலை எதுவும் அங்கே நடக்காது. உங்கள் அத்தை வீட்டுக் கிணற்றுக்கு நேர்ந்தது அப்படியே உங்கள் ஊரில் நேராது.

அதற்காகக் கேள்வியே கேட்காமல் இருந்துவிடக் கூடாது. ஒட்டுப் பசையில் கலக்கும் கரைப்பான்களின் ஆவி எங்கே போகும், வெட்டி மிஞ்சும் ரப்பர், நுரைத் துண்டுகளை யார் வாங்குவார்கள், எங்கே எரிப்பார்கள் என்று கேளுங்கள். பலரும் மறந்துவிடும் ஒன்றும் இருக்கிறது. பல ஆயிரம் பேர் மூன்று வேளை உண்டு, குளித்து, கழிப்பறை போனால் அது ஒரு சிறு நகரத்துச் சாக்கடை. இவ்வகை ஆலைகளில் மிகப் பெரிய கழிவுநீர் பெரும்பாலும் எந்திரத்திலிருந்து வருவதில்லை, விடுதியிலிருந்தும் சமையற்கூடத்திலிருந்தும்தான் வருகிறது. அதற்கு நிலையம் கட்டி முடித்த பிறகுதான் ஆள் எடுக்க வேண்டும் என்று ஊராட்சி சொல்லலாம்.

பாலாறு எப்படிக் கெட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவும் வெளிநாட்டுக் காசின் கதைதான். ஒரு காலத்தில் நம் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். 1970-களில் மத்திய அரசு பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலையும் செருப்பையும் விற்றால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கூடும் என்பது நோக்கம். அது நல்ல நோக்கம். அதே காலத்தில் ஐரோப்பாவில் விதிகள் இறுகி, அங்கிருந்த தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. அவர்கள் வேண்டாம் என்று விட்ட அழுக்கு வேலை நம் பக்கம் நகர்ந்தது. குரோம் பெருகியது. ஏற்றுமதியும் பெருகியது. கழிவுநீரை என்ன செய்வது என்பதை மட்டும் அப்போது யாரும் திட்டத்தில் எழுதவில்லை.

எல்லோரும் குரோமைத்தான் பேசுவார்கள். என் ஆய்வக அனுபவத்தில் கிணறுகளைக் கொன்றது பெரும்பாலும் சாதாரண உப்பு. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் இருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பைத் தேய்த்து அனுப்புகிறார்கள். அந்தத் தோலை அப்படியே தொட்டியில் போட்டு ஊறவைத்தால் உப்பு முழுவதும் தண்ணீரில். மரச் சட்டத்தில் தோலை ஓங்கி அடித்து உதறினால் கணிசமான உப்பு தரையிலேயே கொட்டிவிடும். கைவலிக்கும் வேலை, நேரம் பிடிக்கும் வேலை. அவசர ஆர்டர் வந்த நாட்களில் முதலில் கைவிடப்படுவது அதுதான். குரோமைக் காரம் போட்டுப் படியவைத்துப் பிரித்துவிடலாம். உப்பு அப்படி இல்லை. நுண்ணுயிர்த் தொட்டிகள் எத்தனை வைத்தாலும் கரைந்த உப்பு அப்படியே வெளியேறும். கிணற்றில் அது சேர்ந்துவிட்டதற்கு அடையாளம் சொல்ல ஆய்வகமே வேண்டாம். துணி துவைக்கும் பெண்கள் சோப்பு நுரைக்கவில்லை என்பார்கள். பிறகு தென்னை குரும்பை உதிர்க்கும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் தீர்ப்பு சொன்னது. இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் முக்கியம்தான், ஆனால் அதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை அந்தத் தொழிலுக்கு இல்லை என்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற விதி இந்த நாட்டுச் சட்டத்தில் ஊன்றியதில் நம் பாலாற்று வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே ஆற்றுக்காக, அதே மக்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறையே போய்விட்டது ஐயா.

ஆகவே நான் சொல்வது இதுதான். பெண்ணைக் கொடுக்கும் முன்தானே மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்போம்? ஆலை ஓடத் தொடங்குவதற்கு முன்பு கேட்கும் கேள்விக்கு நிறுவனம் பதில் சொல்லும், செலவும் செய்யும். ஓடத் தொடங்கிய பிறகு உங்கள் மகளின் சம்பளமே உங்கள் வாயை அடைத்துவிடும். எதிர்க்க வேண்டியதில்லை. முன்னதாகவே கேளுங்கள்.

பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் பெயர் கெடக்கூடாது என்று கவனமாக நடப்பார்கள். நம்மூர்ச் சின்ன முதலாளிகள்தான் இரவோடு இரவாக ஓடையில் திறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டு ஆலையைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், வத்தலக்குண்டு

பாதி உண்மை ஐயா. நீங்கள் வத்தலக்குண்டில் இருப்பதால் மீதிப் பாதியை உங்கள் மலையிலிருந்தே எடுத்துச் சொல்கிறேன்.

1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை வந்தது. எந்திரங்கள் புதியவை அல்ல. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிய பழைய ஆலையைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டினார்கள். முதலில் பாண்ட்ஸ், பிறகு யூனிலிவர் குழுமம். உலகில் இதைவிடப் பெரிய பெயர்கள் அதிகம் இல்லை. அங்கே செய்த வெப்பமானிகள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். மணமில்லை, கண்ணுக்குத் தெரியாது. தரையில் சிந்தினால் மணி மணியாக உருண்டு பலகை இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். அப்படிப்பட்ட பொருளைக் கையாண்ட ஆலை பாம்பார் சோலையை ஒட்டிய சரிவில் இருந்தது. சோலையின் தண்ணீர் சமவெளிக்குத்தான் இறங்குகிறது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் உடைந்த வெப்பமானிக் கண்ணாடிகள் பாதரசத்தோடு குவிந்து கிடந்ததை ஊர் மக்களும் முன்னாள் தொழிலாளர்களும் கண்டுபிடித்தார்கள். அதிகாரிகள் யாரும் அல்ல. ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது. 591 முன்னாள் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அதில் அடக்கம். மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற அளவைத்தான் நிறுவனம் முன்வைத்தது. அவர்கள் சொந்த நாட்டில் இப்படி விடுவார்களா என்று கொடைக்கானல் மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இன்னொன்று விசாகப்பட்டினம். தென்கொரியாவின் எல்ஜி குழுமத்துக்குச் சொந்தமான பாலிமர் ஆலை. 2020 மே 7 அதிகாலையில், பிளாஸ்டிக் செய்ய உதவும் ஸ்டைரீன் என்ற திரவத்தின் ஆவி ஊருக்குள் பரவி 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கில் ஆலை நின்றிருந்தபோது தொட்டிக்குள் ஸ்டைரீன் தானாகவே சூடேறியிருக்கிறது. வெப்பத்தை அளக்கும் கருவி தொட்டியின் அடியில் மட்டும் இருந்ததால் மேலே கொதிப்பது யாருக்கும் தெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2019 மே மாதத்தில், தன் உற்பத்தி அளவுக்கு உரிய சுற்றுச்சூழல் அனுமதி தன்னிடம் இல்லை என்று அதே நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது. காகிதம் அரசாங்கக் கோப்பில் இருந்தது. ஆலையும் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய நிறுவனத்தால் சுத்தமாக நடத்த முடியும், அதற்கான அறிவும் பணமும் அவர்களிடம் உண்டு. கேட்டால் செய்வார்கள் என்பதற்கும் எனக்கு நேரடிச் சாட்சியம் உண்டு. 1989 இறுதியில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தது. தோலில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு திரும்பிவிடும். எங்கள் பக்கத்துத் தோல் ஷாப்புகள் வேறு மருந்துக்கு மாறியே தீர வேண்டியிருந்தது, மாறவும் செய்தன. ‘தொழில் அழிந்துவிடும்’ என்றவர்கள் தொடர்ந்து ஏற்றுமதி செய்தார்கள். அதன்பின் சில சாயங்களுக்குத் தடை வந்தது, அதற்கும் மாறினார்கள். ஆனால் ஜெர்மனி சோதித்தது ஜெர்மானியர் காலில் படும் தோலை. பாலாற்றில் ஓடும் தண்ணீரைச் சோதிப்பது அவர்கள் வேலை அல்ல, அது நம் வேலை. அதை நாம் அதே கண்டிப்போடு செய்யவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

விதிகளை இறுக்கினால் முதலீட்டாளர்கள் ஆந்திராவுக்கோ வியட்நாமுக்கோ போய்விடுவார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். வளரும் நாட்டுக்கு இந்தக் கண்டிப்பு கட்டுப்படியாகுமா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

வியட்நாமையே எடுத்துக்கொள்வோம் அம்மா. 2016 ஏப்ரலில் அந்நாட்டின் நடுப்பகுதிக் கடற்கரையில் மீன்கள் செத்து ஒதுங்கத் தொடங்கின. ஹா டின் தொடங்கி ஹியூ வரை நான்கு மாகாணங்கள், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கரை. தைவான் நாட்டு ஃபார்மோசா குழுமத்தின் புதிய உருக்காலை, உலை ஏற்றுவதற்கு முந்தைய சோதனை ஓட்டத்தில், பீனாலும் சயனைடும் கலந்த கழிவைக் கடலுக்குள் விட்டிருந்தது. செய்தியாளர்கள் கேட்டபோது அந்த நிறுவனத்தின் அதிகாரி ஒருவர், மீன் வேண்டுமா, நவீன உருக்காலை வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்ற பொருளில் பேசினார். ஊர் கொதித்தது. ‘நான் மீனைத் தேர்ந்தெடுக்கிறேன்’ என்று எழுதிய அட்டைகளோடு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த அதிகாரி வேலையை இழந்தார். ஜூன் மாத இறுதியில் நிறுவனம் பொறுப்பை ஏற்று 50 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது.

அடுத்த ஆண்டு, கழிவுநீர் ஏற்பாடுகளைத் திருத்திய பிறகு, அதே ஆலை உலையை ஏற்றியது. அந்த அதிகாரி முன்வைத்த ‘மீனா, இரும்பா’ என்ற கேள்வியே பொய் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. திருத்தம் செய்ய முடியும் என்றால் முதலிலேயே ஏன் செய்யவில்லை? வியட்நாமுக்கு வரும் முதலீடும் நின்றுவிடவில்லை. 2020-ல் சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள், அதன் பிறகும் தொழிற்சாலைகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. வியட்நாமிலும் எல்லாம் சரியில்லை, மீனவர்களுக்காகக் குரல் கொடுத்த சிலர் சிறைக்குப் போனார்கள். உங்கள் பக்கத்துத் தூத்துக்குடியில் 2025-ல் மின்சாரக் கார் ஆலை திறந்த வின்ஃபாஸ்ட் ஒரு வியட்நாம் நிறுவனம். நேற்று முதலீட்டுக்காகக் காத்திருந்த நாடு இன்று நமக்கு முதலீட்டாளர்.

ஒரு நிறுவனம் இடம் பார்க்கும்போது துறைமுகம், மின்சாரம், பயிற்சி பெற்ற ஆட்கள், நிலம், வரிச் சலுகை என்று பார்க்கிறது. கழிவைச் சுத்தம் செய்யும் செலவு பெரும்பாலான தொழில்களில் மொத்தச் செலவில் சிறு பங்குதான். தோல், சாயம், காகிதம், உலோகம் உருக்குதல் போன்றவற்றில் அது கனமான செலவு, அதை மறைக்க மாட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது நினைவிருக்கும். அதைச் சிக்கவைத்தது வரித் தகராறு. எந்தச் சுற்றுச்சூழல் விதியும் அதைத் துரத்தவில்லை.

திருப்பூர் வெளிநாட்டு முதலீட்டின் ஊர் அல்ல, ஆனால் வெளிநாட்டு ஆர்டரின் ஊர். சாயக் கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம். அந்த மாதங்களில் ஏராளமான தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போனார்கள், சில பட்டறைகள் விதி தளர்வான ஊர்களுக்கு நகர்ந்தன, சில கள்ளத்தனமாக ஓடின. பேராசிரியர் சொல்வதில் அந்த அளவு உண்மை உண்டு. ஆனால் அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடன் தந்தது, பட்டறைகள் மறுபடி திறந்தன, திருப்பூரின் ஏற்றுமதி அதன்பின் இரு மடங்குக்கு மேல் வளர்ந்தது. கழிவுநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கியில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஆம்பூரிலும் இதே நிலைதான். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது மாநிலங்களுக்கு இடையிலான போட்டியைத்தான். மகாராஷ்டிராவின் ரத்தினகிரியில் 1993-ல் மக்கள் எதிர்த்து நிறுத்திய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு, அடுத்த ஆண்டே தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு மாநிலத்து மக்கள் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று இன்னொரு மாநிலம் நின்று கேட்டிருக்க வேண்டும்.

நான் அந்தத் தூத்துக்குடி ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவன். சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் என் தெருவுக்குத் தெரிந்தவர்களும் உண்டு, அதனால் ஆலை திறக்க வேண்டும் என்று நான் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் மூடியபின் நான் லோடு ஏற்றப் போகிறேன், பாதிச் சம்பளம். எங்கள் கணக்கை யார் எழுதுவார்கள்?
— தூத்துக்குடி வாசகர்

தம்பி, உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன்.

2013 மார்ச் 23 அன்று ஊரில் மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் என்று புகார் எழுந்தது. சில நாள் கழித்து, ஏப்ரல் 2 அன்று, உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட்டுக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆண்டுக்கணக்கில் உரிய அனுமதி இல்லாமலும் மாசு ஏற்படுத்தியும் இயங்கியதற்காக. ஆனால் நாட்டுக்குத் தாமிரம் தேவை, பலருக்கு வேலை தேவை என்று ஆலையைத் தொடர விட்டது. ஆலையை மூடச் சொல்லி மக்கள் போராடியபோது, 2018 மே 22 அன்றும் மறுநாளும் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். மே 28 அன்று ஆலைக்குப் பூட்டு. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பூட்டை உறுதி செய்தது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு குழுமத்தின் ஆலை அது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன். மூடியபின் இந்தியா தாமிரத்தை ஏற்றுமதி செய்த நிலை மாறி இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது.

இறந்தவர்களின் உயிரை உங்கள் சம்பளத்தோடு ஒரே தராசில் வைக்க நான் துணிய மாட்டேன். நீங்களும் வைக்கவில்லை. ஆனால் உங்களுக்கு நேர்ந்ததும் அநியாயம்தான் என்பதைப் போராட்டத்தில் நின்றவர்களும் உரக்கச் சொல்ல வேண்டும். 1994-ல் எழுத வேண்டிய நிபந்தனைகளை எழுதாமல், கால் நூற்றாண்டு கழித்துத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பூட்டுப் போட்டதன் விலையைக் கட்டியவர்களில் நீங்களும் ஒருவர். வெளிநாட்டில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு நட்டக் கணக்கு, உங்களுக்கு வீட்டு வாடகை.

நிலக்கரிச் சுரங்கம் தொடங்க வேண்டுமானால் அதை எப்படி மூடுவது என்ற திட்டத்தையும், அதற்கான பணத்தைத் தனி வைப்புக் கணக்கில் ஆண்டுதோறும் போடுவதையும் இந்தியாவில் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். உருக்காலைக்கும் ரசாயன ஆலைக்கும் அதே மாதிரி ஏன் கூடாது? முதல் நாளிலிருந்தே ஒரு தொகை ஒதுக்கப்பட்டால், மூடும் நாளில் மண்ணைச் சுத்தம் செய்யவும் ஒப்பந்தத் தொழிலாளிகள் வேறு வேலை தேடும்வரை சம்பளம் தரவும் பணம் இருக்கும். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை 1990-களின் நடுவில் மூடிவிட்டுப் போனது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு மேடாக அங்கேயே கிடந்தது, மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் வழிந்தது. யார் அள்ளுவது, யார் பணம் என்று பேசியே காலம் போனது. வைப்புத்தொகை இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இதைக் கேட்கிற சங்கம் எதுவாக இருந்தாலும் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள் தம்பி.

மின்சார வாகனம், பேட்டரி போன்ற பசுமைத் தொழில்களாகப் பார்த்து வாங்கிக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லையே?
— வாசகர், கிருஷ்ணகிரி

குறையும், போகாது. இந்தோனேசியா 2020-ல் நிக்கல் தாதை அப்படியே ஏற்றுமதி செய்யக் கூடாது என்றது. சீன முதலீடு வெள்ளமாக வந்தது. சுலவேசியின் மொரோவாலியிலும் ஹல்மஹேராவின் வேடா விரிகுடாவிலும் உருக்காலைகள் எழுந்தன. உலகத்து மின்சாரக் கார்களுக்குப் போகும் அந்த நிக்கலை உருக்க, ஆலை வளாகத்துக்குள்ளேயே நிலக்கரி மின்நிலையங்கள் ஓடுகின்றன. மலைக்காடு போய் ஆற்றில் செம்மண் இறங்குகிறது. நாட்டுக்கு வருமானம் கூடியது உண்மை, அந்த முடிவை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயரில் பசுமை இருந்தால் கழிவுநீரைச் சோதிக்க வேண்டாம் என்று எந்த வேதியியல் புத்தகத்திலும் இல்லை.

கண்டிப்பு காட்டினால் வெளிநாட்டு நிறுவனம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய் நம் அரசிடமே கோடிகளைக் கறந்துவிடுமாமே?
— வழக்கறிஞர், மதுரை

போகலாம், போயிருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர், பரப்பில் தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்கே உள்ள நாடு. தங்கச் சுரங்கத்துக்கு அனுமதி தரவில்லை என்று பசிபிக் ரிம் நிறுவனம் 2009-ல் வழக்குத் தொடுத்தது. கேட்ட தொகை 25 கோடி டாலர். லெம்பா ஆறு ஒன்றுதான் அந்நாட்டு மக்களில் பாதிப் பேருக்கு மேல் தண்ணீர் தருகிறது, அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில்தான் சுரங்கம். 2016 அக்டோபரில் எல் சால்வடோர் வென்றது. வழக்குச் செலவுக்காக 80 லட்சம் டாலர் தரும்படி நிறுவனத்துக்கு உத்தரவானது, நாடு செலவழித்ததோ அதைவிட அதிகம். 2017-ல் உலோகச் சுரங்கத்தையே தடை செய்தார்கள். 2024 டிசம்பரில் புதிய ஆட்சி அந்தத் தடையை நீக்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தியா தன் முதலீட்டு ஒப்பந்த மாதிரியை ஏற்கெனவே மாற்றிவிட்டது. வெளிநாட்டு முதலீட்டாளர் முதலில் ஐந்து ஆண்டு உள்ளூர் நீதிமன்றங்களில் முயல வேண்டும் என்கிறது அது. இப்போது கையெழுத்தாகும் ஒப்பந்தங்கள் சிலவற்றில் அந்தக் காலத்தைக் குறைத்து வருகிறார்கள். உங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் அதை வரி வரியாகப் படித்துச் சாதாரண மக்களுக்குச் சொன்னால் பெரிய உதவி.

எங்கள் ஊரில் ஒரு ஆலைக்காகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வரப்போகிறது. போனால் பயன் உண்டா? என்ன கேட்பது?
— மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர், திருவள்ளூர் மாவட்டம்

போங்கள் அம்மா, குழுவாகப் போங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு தமிழ் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். அந்த 30 நாள்தான் முக்கியம். கூட்டத்தன்று மேடையில் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்போதைக்கப்போது பேசினால் வார்த்தைதான் வீணாகும்.

அறிக்கை தடிமனாக இருக்கும், பயப்படாதீர்கள். நான் முதலில் புரட்டுவது நிலத்தடி நீர்ச் சோதனை அட்டவணையை. எந்த மாதத்தில் தண்ணீர் எடுத்தார்கள்? மழை முடிந்த கையோடு எடுத்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். சித்திரை, வைகாசியில் எடுத்தார்களா என்று கேளுங்கள். எந்தக் கிணறு? உங்கள் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறதா? அடுத்து, ஆலைக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணீர், எங்கிருந்து, வறட்சியில் எங்கிருந்து? பிறகு, திடக்கழிவு எத்தனை டன், எந்த இடத்துக்குப் போகிறது, அந்த இடம் அதை வாங்கிக்கொள்ளச் சம்மதித்த கடிதம் இணைப்பில் உண்டா? நிரம்பிய கசடுத் தொட்டி எப்படிப்பட்ட ஆபத்து என்பது 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தெரிந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சகதியில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள்.

கூட்டம் எல்லா ஆலைக்கும் நடக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அப்படியானால் கிராம சபையில் தீர்மானம் போட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பலாம், ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். அதில்தான் எத்தனை லிட்டர், எந்த அளவு உப்பு என்ற நிபந்தனைகள் எண்களாக இருக்கும்.

கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள், எழுதிய தாளைக் கையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முழுக் கூட்டமும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும், விட்டுப்போனதை அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்கச் சொல்லலாம்.

ஆலை வருவதற்கு முன்பே உங்கள் குழுவினர் இரண்டு மூன்று கிணற்றுத் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கழுவிய இரண்டு லிட்டர் கேன் போதும். ஆழ்துளைக் கிணறு என்றால் மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, அதன்பின் பிடியுங்கள், விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். கேனில் தேதியும் கிணற்றின் புல எண்ணும் ஒட்டுங்கள். ஒன்று கோடையில், ஒன்று மழைக்குப் பிறகு. முடிவுத் தாளை ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று, குழுவின் பதிவேட்டில் ஒன்று என்று வையுங்கள். நாளைக்கு ‘உங்கள் தண்ணீர் முன்பே இப்படித்தான் இருந்தது’ என்று எந்த நிறுவனத்தின் வழக்கறிஞராவது சொன்னால், அந்தத் தாளைத்தான் நீதிமன்றம் கேட்கும்.